படங்களில் வாழும் தனுஷ்கோடி

பேரூர்களின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் துணை நிற்கும். அரசர் அளித்த கொடையும், புலவர் பாடிய பாட்டும், அயல்நாட்டார் எழுதி வைத்த பயணக் குறிப்பும் அவர்க்குக் கைகொடுக்கும். சிற்றூர்களுக்கு இப்பேறு வாய்ப்பதில்லை. ஒரு சிற்றூரில் வண்டி வந்து நின்ற இடம் எது, கடைத்தெரு எத்துணை நீளம், பள்ளிப் பிள்ளைகள் எவ்வழியே நடந்தனர் என்பனவற்றை எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. இவ்வகைச் செய்திகளை நமக்குச் சொல்லத்தக்கவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று முதியோர் நினைவு, மற்றொன்று பழைய புகைப்படம். முதியோர் நினைவு அவரோடு மறைவது. படமோ, காப்பார் கையில் இருக்குமாயின், நூறாண்டு கடந்தும் நிற்கும். ஊரே மறைந்துபோன இடத்திலும் அதன் படம் நிற்பதுண்டு. அங்ஙனம் மறைந்த ஊர்களுள் ஒன்று தனுஷ்கோடி.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில், இருபுறமும் கடல் சூழ, ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் திட்டின் மேல் அமைந்திருந்தது அவ்வூர். தனுசு என்பது வில். கோடி என்பது முனை. இலங்கையிலிருந்து மீண்ட இராமன் தன் வில்லின் முனையால் அணையை உடைத்த இடம் இது என்பது வழிவழி வரும் கதை. அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் பாண்டியர்க்குரிய பழமையான கோடி ஒன்று குறிக்கப்படுகிறது. அது இவ்விடமே என்பது அறிஞர் பலர் கருத்து. மணல் திட்டின் வடபால் உள்ள பாக்கு நீரிணைப் பகுதியைப் 'பெண்கடல்' என்றும், தென்பால் உள்ள மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும் அங்குள்ள மீனவர் வழங்குவர். முன்னது பெரும்பாலும் அமைதியானது. பின்னது அலை மிகுந்தது. இரண்டு கடலும் கூடும் முனையில் நீராடுதல் புண்ணியம் என்று கருதிக் காசியிலிருந்தும் மக்கள் வந்தனர். எனினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தனுஷ்கோடி நீராடும் துறையேயன்றி நகரமன்று. இராமேசுவரம் கோயிலின் நெடிய சுற்றாலையை 19ஆம் நூற்றாண்டிலேயே படம் பிடித்தோர் உண்டு. வெறும் மணலைப் படம் பிடிக்கக் கருவியைச் சுமந்து செல்வார் யார்?

நம் நாட்டுக்குப் புகைப்படக் கலை வந்தது தனுஷ்கோடி நகரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஆகும். பிரான்சு நாட்டில் 1839ஆம் ஆண்டு உலகறிய வெளியிடப்பட்ட அக்கலை, சில ஆண்டுகளுக்குள் இந்தியாவை அடைந்தது. சென்னையில் 1856ஆம் ஆண்டு புகைப்படக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அதே ஆண்டில் லின்னேயஸ் திரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்ந்து, 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படம் எடுத்தார். அந்நாளில் படம் எடுத்தல் எளிய செயலன்று. முக்காலியும் பெட்டியும் மருந்துப் புட்டிகளும் மாட்டு வண்டியில் செல்லவேண்டும். 1900ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தார் ஒரு டாலர் விலையில் 'பிரவுனி' என்னும் சிறு பெட்டிக் கருவியை வெளியிட்ட பின்னரே, தொழில் அறியாதவரும் படம் எடுக்கத் தலைப்பட்டனர். தனுஷ்கோடி நகரமாய் வளர்ந்த காலமும் அதுவே. ஆகவே இவ்வூரின் பிறப்பு முதல் இறப்பு வரை அனைத்தும் படக்கருவியின் காலத்துக்குள் அடங்கும்.

அதன் பிறப்புக்குக் காரணம் இருப்புப்பாதை. முன்னாளில் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை புகைவண்டியில் சென்று, அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பை அடைந்தனர். கடற்பயணம் நெடியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவே ஆதலின், அவ்வழியே பயணத்தைச் சுருக்க எண்ணினர் தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தார். அதற்குத் தடையாக இருந்தது மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கடல். அதன் குறுக்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம் கட்டப்பெற்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்லும் பொருட்டு, அதன் ஒரு பகுதி இரு கதவுகள் போல மேல்நோக்கித் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அமைப்பைப் படைத்த அமெரிக்கப் பொறிஞர் பெயரால் அதனை ஷெர்சர் தூக்குப்பாலம் என்பர். ஆட்கள் நெம்புகோல் கொண்டு கையால் சுழற்றியே அதனைத் திறந்தனர். பாம்பன் பற்றிய பழம்படங்களுள் இக்கதவுகள் விண்ணோக்கி விரிந்து நிற்கும் காட்சியே மிகுதி. படம் எடுப்போர் உள்ளத்தை அது அத்துணை கவர்ந்தது போலும்!

பாம்பனிலிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்துக்கும், மற்றொன்று தனுஷ்கோடித் துறைக்கும் சென்றது. துறையில் நீராவிக் கப்பல்கள் காத்து நின்றன. வண்டியை விட்டு இறங்கியவர் சில அடி நடந்தால் கப்பலின் படியில் ஏறலாம். மறுகரையில் தலைமன்னார்த் துறையில் இலங்கை அரசினரின் புகைவண்டி நின்றது. வண்டியும் கப்பலும் இவ்வாறு கைகோத்தமையால் இப்பயணம் 'போட் மெயில்' என்று பெயர் பெற்றது. கப்பல் மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும் சென்னைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடும் வண்டியொன்றுக்கு அப்பெயர் வழங்கி வருகிறது. 'இர்வின்', 'கோஷன்' என்னும் இரு கப்பல்களின் பெயர்களைப் பழைய பயணிகள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர். முன்னது இந்தியாவின் அரசப் பிரதிநிதி பெயரையும், பின்னது சென்னை மாகாண ஆளுநர் பெயரையும் தாங்கியது. இருவரும் 1920களில் பதவியில் இருந்தவர் ஆதலின், இப்பெயர் எழுதிய கப்பல் ஒரு படத்தில் காணப்படுமாயின், அப்படம் 1914ஆம் ஆண்டின் தொடக்க விழாவைச் சார்ந்தது என்று கூறுவோர் கூற்றைத் தயங்காமல் மறுக்கலாம்.

இங்ஙனம் ஒரு படத்தை ஆராய்தல், அதனைக் கண்டு மகிழ்தலினின்றும் வேறானது. ஆராய்வோர் முதலில் கைவிடவேண்டியது, படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையை. படம் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. ஆயினும் தான் அறிந்ததை மட்டுமே சொல்லும். தனுஷ்கோடியின் தொடக்ககாலப் படங்களில் வானம் வெள்ளைத்தாள் போல வெறுமையாய் இருக்கும். அன்று முகிலே இல்லை என்று முடிவு செய்தல் தவறு. அக்காலக் கண்ணாடித் தகடுகளில் பூசப்பட்ட வெள்ளி உப்பு நீல ஒளியை மிக விரைவில் ஏற்றது; செந்நிறத்தை ஏலாது. அதனால் நீலவானும் வெண்முகிலும் ஒருங்கே வெளுத்துப்போயின. செம்மண் நிறத்து ஓடும், செந்நிறச் சேலையும் கறுத்துப்போயின. கரையில் நிற்கும் பெண்டிர் யாவரும் கறுப்புச் சேலை உடுத்தவர் போலத் தோன்றுவர். அவர் உடுத்தது சிவப்பாகவும் இருக்கலாம். வண்ணம் தீட்டிய பழைய அஞ்சலட்டைகளை நம்புதல் இதனினும் தீது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்கோ ஓர் அச்சகத்தில், அவ்வூரைக் கண்ணாலும் காணாத ஒருவர் தம் மனம்போல் வண்ணம் ஏற்றியிருப்பார்.

வேறொரு மயக்கமும் உண்டு. கண்ணாடித் தகட்டை மறுபக்கம் திருப்பி வைத்து அச்சிட்டால் வலம் இடமாகும். பிற ஊர்களில் இதனால் பெருங்கேடில்லை. இரு கடலுக்கும் இடைப்பட்ட ஊரிலோ கடலே இடம் மாறிவிடும். முனையை நோக்கிச் செல்வோர்க்குப் பெண்கடல் இடக்கைப் பக்கமும், ஆண்கடல் வலக்கைப் பக்கமும் இருத்தல் வேண்டும். படத்தில் இடப்பக்கம் அலை எறிந்து, வலப்பக்கம் நீர் அடங்கிக் கிடக்குமாயின் ஐயம் எழவேண்டும். ஆனால் அவ்வளவில் படம் தலைகீழாயிற்று என்று முடிவு செய்தலும் ஆகாது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெண்கடலே சீறும், ஆண்கடல் அடங்கும். ஆகவே வேறு சான்று தேடவேண்டும். பெயர்ப்பலகையில் எழுத்து இருந்தால் ஐயம் நீங்கும். எழுத்து இல்லையேல், ஆடவர் சட்டையின் இடப்புற மடிப்பு மேலே கிடக்கிறதா என்று நோக்கலாம். வேதியர் மார்பின் பூணூல் இடத்தோளில் கிடத்தல் வழக்கம் என்பதும் நல்ல சான்றே. ஆனால் தனுஷ்கோடிக்கு அது பொருந்தாது. நீத்தார்க்குக் கடன் ஆற்றுங்கால் பூணூலை வலத்தோளுக்கு மாற்றுவர். அங்குக் கடற்கரைக்கு வந்தோருள் பலர் அக்கடன் ஆற்றவே வந்தவர். ஊரின் இயல்பு அறியாதவர் படத்தைப் படிக்கப் புகின் இத்தகைய இடத்தில் இடறுவர்.

நிழலும் பேசும். தனுஷ்கோடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்தில் அவ்வூரின் உச்சிக்கு வரும் கதிரவன், பின் வடக்கே சென்று, ஆவணி நடுவில் மீண்டும் உச்சிக்கு வருகிறான். இடைப்பட்ட திங்கள்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய திங்கள்களில் வடக்கே விழும். ஒரு படத்தில் கம்பத்தின் குறுகிய நிழல் ஆண்கடல் பக்கம் சாய்ந்திருப்பின், அது சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையே ஒரு நண்பகலை ஒட்டி எடுக்கப்பட்டது என்று துணியலாம். ஆண்டைக் காட்டாவிடினும் பருவத்தைக் காட்டிவிடும் இந்நிழல், விலையில்லாத நாட்காட்டி ஆகும்.

ஆண்டை அறிய எழுத்துகள் உதவும். வண்டிப் பெட்டிகளில் தென்னிந்திய இரயில்வேயின் ஆங்கில முதலெழுத்துகள் காணப்பட்டால் படம் 1951ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாகலாம். அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தென்னக இரயில்வே தோன்றிற்று. 'ஆகலாம்' என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. பெயர் ஒரே நாளில் மாறும். பெட்டியின் வண்ணம் ஒரே நாளில் மாறாது. அஞ்சலட்டையாயின், பின்புறத்து முத்திரையில் நாள் பொறித்திருக்கும். அது அட்டை அனுப்பிய நாளேயன்றிப் படம் எடுத்த நாளன்று. பத்தாண்டு பழமையான படத்தை அட்டையாக்கி விற்றலும் வழக்கமே. முத்திரை சொல்வது ஒன்றே: அந்நாளுக்குப் பின் எடுத்த படமன்று இது. இவ்வாறு ஒரு சான்று மேல் எல்லையையும், மற்றொரு சான்று கீழ் எல்லையையும் வகுக்க, இரண்டுக்கும் இடையே உண்மை அகப்படும்.

இனி, படத்தில் இருப்பவரைப் போலவே இல்லாதவரையும் எண்ணுதல் வேண்டும். பாலத்தைக் கட்டிய நிறுவனம் பாலத்தைப் படம் எடுத்தது. கப்பலை ஓட்டியவர் கப்பலைப் படம் எடுத்தனர். செல்வப் பயணிகள் கப்பல் தளத்தில் சாய்ந்திருந்த தம் குடும்பத்தாரை எடுத்தனர். துறையில் மூட்டை சுமந்தவரும், கரைவலை இழுத்தவரும், கருவாடு உலர்த்திய பெண்டிரும் இவ்வகைப் படங்களில் நடுவே நிற்பதில்லை. ஓரத்தில், பாதி வெட்டுண்டு நிற்பர். சிலர் அசைந்தமையால் முகம் கலங்கிப் புகைபோல் தெரிவர். பார்ப்போர் பலர் அம்முகங்களைத் தாண்டிச் சென்றுவிடுவர். ஆயினும் ஊரை ஊராக்கியவர் அவரே.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரின் நிலையும் அதுவே. மதுரை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் குடும்பம் குடும்பமாய் இவ்வழியே சென்றனர். மண்டபத்தில் இலங்கை அரசினர் அமைத்திருந்த முகாமில் அவர்கள் தங்கவைக்கப்பட்டு, நோய் உண்டா என்று ஆராயப்பட்ட பின்னரே கப்பலுக்கு அனுப்பப்பட்டனர். போட் மெயிலின் மேல்வகுப்புப் பயணத்தைப் புகழ்ந்து எழுதியோர் பலர். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் கைக்குழந்தையோடும் தகரப் பெட்டியோடும் சென்றவர்க்கு எழுதுவாரும் இல்லை. படம் எடுப்பாரும் அரியர். தனுஷ்கோடியின் வரலாறு என்பது கப்பல்களின் வரலாறு மட்டுமன்று; பிழைப்புத் தேடித் தாய்நிலத்தை விட்டவர் கடைசியாக மிதித்த மணலின் வரலாறும் ஆகும்.

நகரம் வளர்ந்தது. புகைவண்டி நிலையம், துறைமுக அலுவலகம், சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதா கோயில், சத்திரங்கள், கடைகள் என்று ஒரு நகரத்துக்கு வேண்டியன யாவும் அம்மணல் திட்டின் மேல் எழுந்தன. சுவர்கள் பல, கடலிலிருந்து எடுத்த பவழப்பாறைக் கற்களால் ஆனவை. துளை மிகுந்து, தேனடை போலத் தோன்றும் அக்கற்களைப் படங்களில் கூர்ந்து நோக்கினால் காணலாம். எங்கும் உப்பு நீர் சூழ்ந்த இவ்விடத்தில் மணலைக் கையால் அகழ்ந்தால் நல்ல நீர் ஊறும். மழைநீர் மணலுள் இறங்கி, கனத்த உப்பு நீரின் மேல் மிதந்து நிற்பதே அதற்குக் காரணம். ஊற்றில் நீர் மொள்ளுதலை நாள்தோறும் செய்தவர்க்கு அது வியப்பன்று. ஆதலின் அதனைப் படம் எடுத்துவைக்க யாரும் எண்ணியிருக்கமாட்டார். அன்றாட வாழ்வு படத்தில் இடம்பெறாமைக்குக் காரணம் அது அன்றாடமாய் இருப்பதே.

1964ஆம் ஆண்டு இறுதியில் இவ்வனைத்துக்கும் முடிவு வந்தது. டிசம்பர் 17ஆம் நாள் தென் அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நாளடைவில் பெரும்புயலாக மாறி, 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்று மணிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் வீசியதாகக் கணித்துள்ளனர். கடல் ஏழு மீட்டர் அளவுக்கு எழுந்து ஊரின் மேல் பாய்ந்தது. இருகடலும் ஊரின் மேல் கலந்தன என்பர் உயிர் தப்பியோர். பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணி வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை அணுகும்போது, நள்ளிரவுக்குச் சற்று முன் பேரலையில் சிக்கியது. கைகாட்டி ஒளி அணைந்து கிடந்தது. ஓட்டுநர் சிறிது பொறுத்து, நெடிதாக ஊதிவிட்டு இருளில் வண்டியைச் செலுத்தினார் என்று கூறுவர். வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருள் பிழைத்தவர் இலர். இருகரையிலும் மாண்டோர் 1,800 பேருக்குக் குறையார்.

அவ்விரவுக்குப் படம் இல்லை. இருளும் காற்றும் நீரும் கலந்த அப்பொழுதில் படம் எடுப்பார் யார்? உள்ள படங்கள் யாவும் நீர் வடிந்த பின் எடுத்தவை. வளைந்து முறுக்குண்ட தண்டவாளம், கூரையிழந்த நிலையம், மணலில் புதைந்த சுவர் ஆகியவற்றை அவை காட்டும். பாம்பன் பாலத்தின் நிலையையும் அவை காட்டும். பாலத்தின் 145 கண்களுள் 126இன் உத்திரங்களை அலை அடித்துச் சென்றது, தூண்கள் நின்றன, ஷெர்சர் தூக்குப்பாலமும் நின்றது. கடலின் நடுவே, தொடர்ச்சியற்று, தனியே நிற்கும் அத்தூக்குப்பாலத்தின் படத்தை ஒருமுறை கண்டவர் மறக்கார். பொறிஞர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் வேலை தொடங்கி 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மீண்டும் போடப்படவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அவ்வூரை அறிவித்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது. 1980களில் இலங்கையில் மூண்ட போரால் அதுவும் நின்றது.

புயலுக்கு இரண்டு திங்கள் முன்பு, 1964 அக்டோபர் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர். அதன்படி தோட்டத் தொழிலாளருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. ஆண்டுகள் பல கழித்து அவர்கள் மீண்டு வந்தபோது, அவர்தம் பாட்டன்மார் கப்பலேறிய துறை இல்லை. இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றனர். பாட்டன் போன வழியைப் பேரனுக்குக் காட்ட ஊர் இல்லாதபோது, காட்டத்தக்கது ஒரு படமே.

அப்படங்கள் எவ்வாறு எஞ்சின என்பது எண்ணத்தக்கது. தனுஷ்கோடியில் வாழ்ந்தோர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் வீட்டோடு போயின. திருமணப் படமும், பிள்ளைகளின் பள்ளிப் படமும், இறந்த பெற்றோர் படமும் கடலுக்குள் சென்றன. இன்று கிடைப்பவை ஊரை விட்டு முன்பே வெளியேறியவை. கொழும்புக்கும் சென்னைக்கும் உறவினர்க்கு அனுப்பியவை, இரயில்வே அலுவலகக் கோப்புகளில் கிடந்தவை, கடல் கடந்த பயணிகள் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றவை ஆகியவையே அவை. அதனால்தான் தனுஷ்கோடியைப் பற்றிய படங்களில் வீட்டின் உட்புறத்தைக் காண்டல் அரிது. துறையும் பாலமும் கப்பலுமே மிகுதி. இதனை அறியாமல் எஞ்சிய படங்களை மட்டும் நோக்குவோர், அவ்வூரில் துறை இருந்தது, இல்லங்கள் இல்லை என்று கருதக்கூடும்.

எஞ்சியவற்றைப் பயன்படுத்துதற்கு ஒரு வழி, படம் எடுத்த இடத்திலேயே மீண்டும் நின்று பார்த்தல். 2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை உள்ளது. அதற்குமுன் மணலில் செல்லும் வண்டிகளையே நம்பவேண்டியிருந்தது. பழைய படத்தைக் கையில் கொண்டு, அதில் உள்ள மாதா கோயில் சுவரும், நீர்த்தொட்டியைத் தாங்கிய தூண்களும், நிலையத்தின் வளைவும் இன்று எங்குள்ளன என்று ஒப்பிட்டுப் படம் எடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டறியலாம். சுவரின் இரு மூலைகள் படத்தில் எவ்வாறு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ, அவ்வாறே கண்ணுக்குத் தோன்றும் வரை முன்னும் பின்னும் நகர்ந்தால் அந்த இடம் அகப்படும். சில படங்களுக்கு அவ்விடம் கடலுக்குள் இருக்கும். ஊரின் தென்பகுதி 1948, 1949ஆம் ஆண்டுகளிலேயே நிலத்தின் அசைவால் ஏறத்தாழ ஐந்து மீட்டர் தாழ்ந்தது என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் கூறியுள்ளனர். அதற்கு முற்பட்ட படமும் பிற்பட்ட படமும் ஒருங்கே கிடைக்குமாயின், கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்பதை ஒரு சிறுவனும் அளந்து கூறலாம். புயலுக்குத் தப்பி நிற்கும் கோதண்டராமர் கோயில் இவ்வகை ஒப்பீட்டுக்கு நல்ல அடையாளம்.

மற்றொரு வழி, முதியோரிடம் படத்தைக் காட்டுதல். அரசு கைவிட்ட பின்னரும் மீனவர் குடும்பங்கள் பல, கீற்றுக் குடிசைகள் கட்டிக்கொண்டு அம்மணலிலேயே வாழ்ந்து வந்தன. 1964இல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று எழுபது கடந்தவர். 'இவ்வூரைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா' என்று கேட்டால் அவர் பலமுறை சொல்லிப் பழகிய புயற்கதையையே சொல்வார். ஒரு கடைத்தெருப் படத்தைக் கையில் கொடுத்தால் புயலை மறந்து, இது யார் கடை, இங்கு என்ன விற்றது, அதற்கு அடுத்த வீடு யாருடையது என்று விரல் வைத்துச் சொல்வார். அவர் வாய்ச்சொல்லையும் அவ்வாறே ஏற்றுவிடல் ஆகாது. வேறு இரு முதியோரைத் தனித்தனியே கேட்டு, மூவர் கூற்றும் ஒத்த இடத்தை முதலில் எழுதி, ஒவ்வாத இடத்தை ஒவ்வாததாகவே குறித்து வைத்தல் நன்று.

அவ்வாறு கேட்டறிந்ததைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான எழுதுகோலால் அழுத்தாமல் எழுதுவது காப்பாளர் வழக்கம். மை பரவி முன்பக்கம் தெரியும். பசை காகிதத்தை அரிக்கும். நெகிழித்தாளின் பசையில் ஒட்டிய படங்கள் சில ஆண்டுகளில் மஞ்சளித்துப் பிரிக்கவும் இயலாமல் கெடும். கடற்கரை ஊர்களில் ஈரமும் உப்பும் மேலும் கேடு செய்வன. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய படங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது முகங்கள் பெயர்ந்துவரும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு காகிதம் வைத்து, தரையினின்றும் உயரமான அலமாரியில் வைப்பர். படத்தில் உள்ளவர் பெயர், இடம், யாரிடமிருந்து பெற்றது, சொன்னவர் யார் என்னும் நான்கும் குறித்திருந்தால் போதும். பெயர் எழுதாத படம் அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவர் படமாகிவிடும். அதற்கடுத்த தலைமுறையில் பழைய தாள்களோடு சென்றுவிடும்.

இராமேசுவரம் தீவுக்குச் செல்லும் பழைய இரயில் பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது பாலத்தின் கதவுகள் விரிவதை இனிப் பிறப்போர் படத்திலேயே காண்பர். தனுஷ்கோடியின் மாதா கோயில் சுவர்களும் உப்புக்காற்றில் ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்து வருகின்றன. அவற்றின் முன் நின்று நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் படம் எடுத்துக்கொள்கின்றனர். எடுப்போர் எண்ணம் தம் முகத்தின் மேல் உள்ளது. ஆயினும் அவர் தோளுக்குப் பின்னே, எந்த ஆண்டில் எந்தக் கல் இருந்தது என்பதும் அப்படத்தில் பதிந்து வருகிறது.